பரம்பரை பாதிக் கணக்குதான்: முதியோர் நீரிழிவும் மரபணுக்களின் நடத்தையும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடைகளில் பெரும்பாலும் இலக்கியமும் வரலாறும்தான் பேசப்படும். உயிர்வேதியியல் படித்தவனை அழைத்து, முதியோர் நீரிழிவு என்று தலைப்பும் கொடுத்தது உங்கள் துணிச்சல். சோறா சப்பாத்தியா என்ற வழக்குக்குத் தீர்ப்பு கேட்க வந்தவர்கள் ஏமாறத்தான் வேண்டும். தட்டில் இருப்பதை விட்டுவிட்டு, செல்லின் கருவுக்குள் நடப்பதைப் பேசப் போகிறேன். (அச்சுக்காகக் கிளைப்பேச்சுகளைக் குறைத்திருக்கிறேன். உங்களைப் பார்த்துச் சொன்னவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.)

புதுச்சேரி முதலியார்பேட்டையில் இந்தப் பேச்சு எதற்கு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னை மருத்துவர்கள் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் முதலியோர் நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சோதித்து, 2023 ஜூனில் முடிவுகளை வெளியிட்டார்கள். 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் 14.4. புதுச்சேரியில் 26.3. நாட்டிலேயே நமக்கு மேலே இருப்பது கோவா மட்டும்தான், அதுவும் 26.4 என்று மயிரிழையில். இந்த அரங்கில் இருக்கும் நரைத்த தலைகளை வைத்துப் பார்த்தால் இங்கே விகிதம் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் நம் ஆட்கள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள்: “பரம்பரைங்க. எங்கப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்திருச்சு.” சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். இன்று நான் மறுக்க வந்தது இந்தப் பதிலைத்தான். பொய் என்பதற்காக அல்ல, பாதி என்பதற்காக. அப்பாவிடமிருந்து வந்த மரபணுக்களைவிட, அந்த மரபணுக்கள் அறுபது எழுபது ஆண்டுகளில் எப்படி இயங்கப் பழகின என்பதுதான் முதியவரின் நோயை அதிகம் விளக்குகிறது. அந்தப் பழக்கத்தில் ஒரு பங்கு மீளக்கூடியது, ஒரு பங்கு மீளாதது. இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் முதியவருக்கான மருத்துவம் இருக்கிறது. என் உரையின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்று.

ஆலை பார்த்த ஊர் என்பதால் ஒரே ஒரு உவமை சொல்லிக்கொள்கிறேன். ரோடியர் மில்லில் எல்லாத் தறிகளும் எப்போதும் நின்ற இடத்தில்தான் இருந்தன. ஆனால் இன்றைய ஷிப்டில் எந்தத் தறி ஓடுகிறது, எந்தத் தறி நிற்கிறது, ஓடுவது என்ன வேகத்தில் என்பதைப் பொறுத்துத்தான் வெளியே வரும் துணி. நம் ஒவ்வொரு செல்லிலும் புரதம் செய்யத் தெரிந்த மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. கணையத்திலும் அதே இருபதாயிரம், கண்ணிலும் அதே இருபதாயிரம். ஒரு மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து ஆர்.என்.ஏ. படிகள் எடுக்கப்படுகின்றன. எந்த மரபணுவிலிருந்து எத்தனை படிகள் என்று எண்ணிப் பார்ப்பதே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. மரபணு மாறாமலே நோய் பெருகியது

சென்னை மாநகரில் 1989இல் எடுத்த கணக்கில் நீரிழிவு 8.3 விழுக்காடு. 2004இல் 14.3. இடையில் பதினைந்தே ஆண்டுகள். ஒரு தலைமுறைகூட முழுதாய்க் கழியாத காலத்தில் ஒரு நகரத்தின் மரபணு வரிசை மாறிவிடாது. மாறியது வேலை, உணவு, உறக்கம், உட்காரும் நேரம்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிட வேண்டாம். 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் நீரிழிவு வாய்ப்பைக் கூட்டுவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சென்னையிலும் புனேயிலும் அது நம்மவர்களிடமும் உண்மை என்று உறுதியானது. ஆனாலும் அந்த வடிவத்தைச் சுமந்துகொண்டு நோயே வராமல் வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம். அது இல்லாமலே நோய்ப்பட்டவர்களும் ஏராளம்.

மேற்கு லண்டனில் நடந்த ஓர் ஆய்வு இதைவிடக் கூர்மையானது, 2015இல் வெளிவந்தது. ஒரே நகரத்தில் வாழும் இந்திய வம்சாவளியினரையும் ஐரோப்பியரையும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இந்தியரில் 11.9 விழுக்காட்டினருக்குப் புதிதாக நீரிழிவு வந்தது, ஐரோப்பியரில் 4.3 விழுக்காட்டினருக்கு. நோய் வருவதற்கு முன்பே எடுத்துப் பத்திரப்படுத்திய ரத்தத்தை அவர்கள் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ.யின் எழுத்துகளை மட்டும் அல்ல, அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளையும் பார்த்தார்கள். மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மிகச் சிறிய துணுக்கு. மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த மரபணுவின் வேலை அடங்கும். விலகினால் வேலை கூடும். எழுத்து ஒன்றும் மாறாது. ஐந்து மரபணுக்களில் இந்தக் குறிகள் பின்னாளில் நோய்ப்பட்டவர்களிடம் வேறாக இருந்தன, அதுவும் நோய் வருமுன்பே. அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் டி.எக்ஸ்.என்.ஐ.பி. இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

2. தசையில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சோம்புகிறார்கள்

சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. எனவே நீரிழிவுக்காரரின் தசையில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பலரும் தேடினார்கள். தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. 2003இல் வம்சி மூத்தாவும் கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். ஒத்த வயதுடைய 43 ஆண்களின் தசைத் துணுக்குகளை எடுத்து, ஒரே வேலையைச் செய்யும் மரபணுக்களைக் கூட்டமாகச் சேர்த்து எடைபோட்டார்கள். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றல் எடுக்கும் வேலைக்கான மரபணுக் கூட்டம் நீரிழிவுக்காரர்களிடம் சராசரியாக 20 விழுக்காடு இறங்கியிருந்தது. ஒவ்வொன்றும் கொஞ்சமே இறங்கியதால் தனியே பார்த்தவர் கண்ணில் படவில்லை. இந்தக் கூட்டத்தை எழுப்பி வேலைவாங்கும் மேற்பார்வையாளர் பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற புரதம், அதுவும் குறைந்திருந்தது.

அதே 2003இல் யேல் பல்கலைக்கழகத்தினர் நீரிழிவே இல்லாத, ஒல்லியான, ஆரோக்கியமான முதியவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் தசையிலும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி இளையவர்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. முதுமை ஒரு பக்கமிருந்தும் சர்க்கரை மறுபக்கமிருந்தும் வந்து அதே இயந்திரத்தைத் தொடுகின்றன. எழுபது வயதில் நீரிழிவோடு இருப்பவரிடம் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. நாற்பது வயதுக்காரரின் நோயையே இன்னும் முப்பது ஆண்டு இழுத்தது என்று இதைக் கருதக் கூடாது என்பது என் கட்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேயோ மருத்துவமனையில் கே. ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் 2008இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களின் தசையை ஆராய்ந்தபோது கதை மாறியது. நம்மவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்குச் செல்கள் பணியாமை, கடுமையாக இருந்தது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் வட ஐரோப்பிய வம்சாவளியினரைவிடக் கூடுதலாக இருந்தது! நீரிழிவு உள்ள இந்தியர், இல்லாத இந்தியர் என்ற வேறுபாடும் அதில் தெரியவில்லை. வெளிநாட்டு ஆய்வை எடுத்து முதலியார்பேட்டைக்கு அப்படியே ஒட்டுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒட்டலாம்.

3. கணையத்தின் முதுமைக்கு ஓர் அளவுகோல்

செல்கள் கணக்கில்லாமல் பிரிந்து பெருகாதபடி நிறுத்திவைக்கும் மரபணு ஒன்று உண்டு. அதன் புரதத்துக்கு பி16 என்று பெயர். வயது ஏற ஏற இது அதிகமாக வேலை செய்யும். புற்றுநோயைத் தடுக்கும் நல்ல காவலன்தான், ஆனால் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்கும் அதே தடை. 2006இல் எலிகளில் காட்டினார்கள்: இந்த மரபணுவை நீக்கிய கிழட்டு எலிகளின் பீட்டா செல்கள் மறுபடி பெருகின. அடுத்த ஆண்டு, இதற்குத் தொடர்பே இல்லாமல், ஆயிரக்கணக்கான மனிதர்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட மூன்று குழுக்கள் நீரிழிவோடு தொடர்புடைய இடங்களைப் பட்டியலிட்டன. ஒன்பதாம் குரோமோசோமில் பி16 இருக்கும் அதே வட்டாரம் அந்தப் பட்டியலில் வந்து நின்றது. பரம்பரையும் முதுமையும் ஒரே கதவைத் தட்டுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

டி.எக்ஸ்.என்.ஐ.பி. இங்கே இரண்டாம் முறை வருகிறார். மனிதக் கணையத்திலிருந்து எடுத்த பீட்டா செல் திட்டுகளைச் சர்க்கரை மிகுந்த திரவத்தில் வைத்து எந்த மரபணு அதிகம் தூண்டப்படுகிறது என்று 2002இல் பார்த்தபோது, பட்டியலின் உச்சியில் நின்றது அதுவே. அது மிகுந்தால் பீட்டா செல் சாகிறது. சர்க்கரை கூடினால் அது கூடும். அது கூடினால் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சர்க்கரை இன்னும் கூடும்.

4. ரத்தம் சொல்வது

உயிரோடிருப்பவரின் கணையத்தைக் கிள்ளியெடுக்க முடியாது. தசையைத் தரச் சொன்னாலும் நம் ஊரில் யாரும் தரமாட்டார்கள், கேட்கவும் நமக்கு மனம் வராது. ஆகவே இந்தியாவில் நடந்த வேலை பெரும்பாலும் ரத்தத்தின் வெள்ளணுக்களில்தான். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. முதுமையில் உடலெங்கும் மெல்லிய தணலாக ஓர் அழற்சி இருந்துகொண்டே இருக்கும்; நீரிழிவிலும் அதே. அதைப் பார்க்க வெள்ளணுவே சரியான இடம்.

சென்னையில் பாலசுப்பிரமணியம், மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவுக்காரர்களின் வெள்ளணுக்களில் டெலோமியர் குறுகியிருந்தது. டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனிக் காப்பு. வயதாக ஆகத் தேய்வது. நீரிழிவுக்காரரின் செல் அவரைவிட மூத்திருக்கிறது என்று பொருள். அதே குழு 2011இல் மிர்-146ஏ என்ற குட்டி ஆர்.என்.ஏ.வை அளந்தது. இது புரதம் எதையும் செய்யாது; அழற்சி மரபணுக்களுக்கு பிரேக் போடுவதே இதன் வேலை. நீரிழிவுக்காரர்களிடம் இந்த பிரேக் தேய்ந்திருந்தது, அது அடக்கிவைக்க வேண்டிய அழற்சி மரபணுக்கள் ஏறியிருந்தன.

இது ஆய்வுக்கூடச் சுவாரசியம் என்று தள்ளிவிட முடியாத இடம் ஒன்று இருக்கிறது: காசநோய். நீரிழிவு உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும், பிடித்தால் லேசில் விடாது. தென்னிந்திய நோயாளிகளின் ரத்தத்தில் மரபணு வெளிப்பாட்டை அளந்து 2017இல் வந்த ஆய்வில், இரண்டு நோயும் சேர்ந்தவர்களிடம் அழற்சி மரபணுக்கள் காசநோய் மட்டும் உள்ளவர்களைவிட மிகுந்து எரிந்தன. நம் ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிக் காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில் நீரிழிவு முக்கியமான கேள்வியாக இருப்பது இதனால்தான். அந்த வேலை நடப்பது இங்கிருந்து சில கிலோமீட்டரில்.

5. நைட் ஷிப்டு

முதலியார்பேட்டையில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போனால் தவறு. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டதில் 12 பேர் உயிர் விட்டார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. பெரிய வெற்றிதான். ஆனால் எட்டு மணி நேரம் வாங்கிக் கொடுத்தவர்களால் இரவை வாங்கித் தர முடியவில்லை. ஆலை ராத்திரியும் ஓடியது. சங்கு ஊதியதும் எழுந்துபோய், விடிந்த பின் வந்து, வெயிலில் சோறு தின்று படுத்த ஒரு தலைமுறை இந்த ஊரில் இருந்தது. ரோடியர் மில்லாகத் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

உடலின் அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் 24 மணி நேரக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. அதன் பற்சக்கரங்களும் மரபணுக்களே. இதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பகலில் இன்சுலினுக்கு ஒத்துழைக்கும் தசை, நள்ளிரவில் ஒத்துழைக்காது. அது அதன் ஓய்வு நேரம். அமெரிக்கச் செவிலியரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2011இல் சொன்ன கணக்கு: சுழற்சி முறையில் இரவு வேலையை 20 ஆண்டுக்கு மேல் செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதல். கூடிய உடல் எடையின் பங்கைக் கழித்த பிறகும் 24 விழுக்காடு நிற்கிறது. ஜப்பானில் நீரிழிவுக்காரர்களின் வெள்ளணுக்களில் கடிகார மரபணுக்களை அளந்தபோது அவற்றின் வெளிப்பாடு தணிந்திருந்தது. எந்தப் பரம்பரைக் கணக்கிலும் ஷிப்டுக்கு இடமில்லை. பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் வேலைக் குறிப்பு மருத்துவரின் கோப்பிலும் இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன். “என்ன சாப்பிடுறீங்க” என்று கேட்கும் மருத்துவர், “எத்தனை வருஷம் நைட் பார்த்தீங்க” என்றும் கேட்கட்டும்.

6. சர்க்கரை இறங்கிய பிறகும் மரபணு மறப்பதில்லை

என் உரையின் கனமான பகுதி இதுதான். சற்றுப் பொறுமை வேண்டும்.

மெல்போர்னில் அசாம் எல்-ஓஸ்டா குழுவினர் 2008இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். மாட்டின் ரத்தக்குழாய்ச் சுவர் செல்களைப் பதினாறு மணி நேரம் மட்டும் சர்க்கரை மிகுந்த திரவத்தில் வைத்தார்கள். பிறகு சர்க்கரையை இயல்பு அளவுக்கு இறக்கி ஆறு நாள் வளர்த்தார்கள். சர்க்கரை போய்விட்டது. ஆனால் அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின்மேல் அந்தப் பதினாறு மணி நேரத்தில் விழுந்த குறி ஆறாம் நாளும் அப்படியே இருந்தது. மரபணு கூடுதலாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

மனிதரிலும் இப்படி நடக்குமா? முதல் வகை நீரிழிவுக்காரர்களை வைத்து 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப்பேருக்குக் கடுமையான சர்க்கரைக் கட்டுப்பாடு, பாதிப்பேருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. சோதனை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை. சில ஆண்டுகளில் இரு பிரிவாரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் கண், சிறுநீரகச் சேதம் மட்டும் பழைய பிரிவின்படியே தொடர்ந்தது. ரமா நடராஜன் குழுவினர் அதே மனிதர்களின் பழைய ரத்தத்தையும், பதினாறு பதினேழு ஆண்டுகள் கழித்து எடுத்த ரத்தத்தையும் ஒப்பிட்டு 2016இல் எழுதினார்கள். முன்பு சர்க்கரை கூடியிருந்தவர்களின் டி.என்.ஏ.யில் சில இடங்களில் மெத்தில் குறி அன்று எப்படி மாறியிருந்ததோ இன்றும் அப்படியே. முதன்மையான இடம் எது தெரியுமா? மூன்றாம் முறையாக டி.எக்ஸ்.என்.ஐ.பி.

இப்போது, நாம் முன்பு பேசிவந்த இரண்டாம் வகை நீரிழிவின் இரண்டு புகழ்பெற்ற சோதனைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் 1977இல் தொடங்கிய ஆய்வில் இருந்தவர்கள் அப்போதுதான் நோய் கண்டறியப்பட்டவர்கள். ஆரம்பத்திலேயே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தார்கள். 1997இல் சோதனை முடிந்தது. ஓராண்டுக்குள் இரு பிரிவுக்கும் இடையிலான சர்க்கரை வேறுபாடு மறைந்தது. ஆனாலும் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, முதலில் இறுக்கிப் பிடித்த பிரிவில் மாரடைப்பு 15 விழுக்காடும், மரணம் 13 விழுக்காடும் குறைவு. அன்று போட்டது பின்னாளில் வட்டியோடு வந்தது.

2008இல் முடிவு வந்த அக்கார்டு என்ற வட அமெரிக்கச் சோதனையில் 10,251 பேர். சராசரி வயது 62. ஏறத்தாழ பத்தாண்டுகளாக நீரிழிவோடு இருப்பவர்கள். அவர்களில் ஒரு பிரிவுக்கு மூன்று மாதச் சராசரியை, அதாவது எச்.பி.ஏ.1சி.யை, 6க்குக் கீழே இறக்க முயன்றார்கள். இறங்கியது. ஆனால் அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தார்கள், மற்றப் பிரிவில் 203 பேர். இறக்கும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடியது. அந்தப் பிரிவின் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். இதற்கு மருந்துகள், லோ சுகர், இதயம் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. மரபணுக்களின் பழைய குறிகள் மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் விழாமல் தடுத்திருக்க வேண்டிய குறிகளைப் பத்தாண்டு கழித்து மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டி அழித்துவிட முடியாது என்பது செல்லின் சாட்சியோடும் பொருந்துகிறது, மனிதரின் சாட்சியோடும் பொருந்துகிறது.

எனவேதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் முதியோருக்கு ஒரே இலக்கு வைப்பதில்லை. நடமாட்டமும் நினைவும் நன்றாக உள்ளவருக்கு 7.0 – 7.5க்குக் கீழே, பல நோய்களோ நினைவுக் குறைவோ உள்ளவருக்கு 8க்குக் கீழே. எண்பது வயது அம்மாவுக்கு “6.2 வந்திருச்சு” என்று பெருமைப்படும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு பயமாக இருக்கிறது. ராத்திரி பாத்ரூம் போகும்போது சர்க்கரை இறங்கிக் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் அந்த 6.2க்கும் தொடர்பு உண்டு. அதற்காக மருந்தை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் இலக்கு என்ன என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

7. மீளும் பங்கு

இவ்வளவு கேட்ட பின், வயதானவர்களுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லையா என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முகத்தாலேயே கேட்கிறார். இருக்கிறது ஐயா.

கனடாவில் சராசரி எழுபது வயதுள்ள ஆரோக்கியமான முதியவர்களின் தசையையும் இளைஞர்களின் தசையையும் ஒப்பிட்டு, வெளிப்பாடு மாறியிருந்த 596 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் அதில் நிறைய. பிறகு முதியவர்களில் 14 பேருக்கு வாரம் இரண்டு நாள், ஆறு மாதம், எடை தூக்கும் பயிற்சி. மறுபடி தசையை எடுத்துப் பார்த்தால் அந்த மரபணுக்களின் வெளிப்பாடு கணிசமாக இளைஞர்களின் பக்கம் திரும்பியிருந்தது. பயிற்சிக்கு முன் இளைஞரைவிட 59 விழுக்காடு குறைந்திருந்த பலம், பின்னர் 38 விழுக்காடே குறைவு. இது 2007இல் வந்தது. எழுபது வயதில் மரபணுவுக்குக் காது கேட்கிறது என்பதற்கு இது போதும். கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடை மட்டும் போதாது, தசைக்குச் சுமை வேண்டும். ஜிம் வேண்டாம், நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம்.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் பற்றி இரண்டு வாக்கியம். சர்க்கரை எல்லையில் இருக்கும் முதியவர்களுக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, தசையிலும் கொழுப்பிலும் முதுமையோடு தொடர்புடைய பல மரபணுக்களின் வெளிப்பாடு மாறியதாக 2018இல் எழுதினார்கள். மறு ஆண்டு வந்த வேறோர் ஆய்வில், பயிற்சி செய்யும் முதியவருக்கு அதே மருந்து, பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கிடைக்கும் நன்மையைக் கொஞ்சம் மழுக்கியது. மருந்தை எல்லாம் வல்ல மூலிகையாக்க வேண்டாம், வில்லனாக்கவும் வேண்டாம்.

குறி விழுமுன் தடுப்பதற்கு நம் சான்று சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த தடுப்பாய்வில், சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். சும்மா விட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குப் போனார்கள். உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39.3 விழுக்காடு. இரு பிரிவாரும் ஒரே மண்ணின் மக்கள். பரம்பரை இரு பக்கமும் ஒன்றுதான்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஜிப்மரிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ ஆய்வுக்கென்று ரத்தம் கேட்டு வந்தால், எதற்கு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, கொடுங்கள். அறுபது வயதைத் தாண்டிய நம் மக்களின் மரபணு நடத்தையை ஸ்வீடனிலிருந்தும் கனடாவிலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. ஆலையில் இரவு வேலை பார்த்தவர்கள் முதலில் முன்வர வேண்டும், அவர்கள் வாழ்க்கை வேறெங்கும் கிடைக்காத தரவு.

இரண்டாவது, வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து, முதன்முதலில் சர்க்கரை என்று சொன்ன நாளின் லேப் ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள். இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கடந்த மாத ரிப்போர்ட்டோடு அதையும் சேர்த்து நீட்டுங்கள். முதல் ஐந்தாண்டு உங்கள் சர்க்கரை எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.